காலி டப்பாவின் எடை

ரெண்டுபக்க டீச்சர் தையல் இயந்திரத்துக்கு அடியில் மண்டியிட்டுப் பொத்தான் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். கிடைப்பதெல்லாம் அவருக்கு ஆகாது. வெள்ளையாக இருக்கவேண்டும், நாலு துளை இருக்கவேண்டும், ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கவேண்டும். ஓரம் உடைந்ததையும் கீறல் விழுந்ததையும் முகத்தைச் சுளித்துத் தள்ளிவிடுகிறார். மிதிகட்டையிலிருந்து காலை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு, துணியும் கையுமாகக் காத்திருக்கிறார் அவருடைய கணவர். தையல்காரர். காலை வேலை கெடுகிறதே என்ற கவலை அவருக்கு.

"என் பொழப்பையே உன் கணக்குப் பாடமா ஆக்கிட்டே. நேத்து ஒருத்தர் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் இல்லாம கோட்டுப் பொத்தானைத் தச்சுக் குடுத்தேன். இது என்னங்க புது ஃபேஷனான்னு கேக்கறாரு."

"ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! அவர் பையன் சட்டைக்கும் அதே மாதிரி வேணுமாம்."

டீச்சர் அடியில் இருந்தபடியே சிரிக்கிறார். எழும்போது இயந்திரத்தின் விளிம்பில் தலை இடிக்கிறது. இது அநேகமாக எல்லா நாளும் நடப்பதுதான். தலையைத் தேய்த்துக்கொண்டே பொத்தான்களைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

எட்டாம் வகுப்பின் கடைசிப் பிரிவுக்கு அவர் கணக்கு டீச்சர். மற்றப் பிரிவுகளில் சேர்க்க மனம் வராத பிள்ளைகளை எல்லாம் கொண்டுவந்து இறக்குகிற பிரிவு அது. வகுப்புக்குள் காலை வைத்ததிலிருந்து மணி அடிக்கிறவரை அவர் வாயில் இரண்டு வார்த்தைதான் ஓயாமல் ஒலிக்கும். "ரெண்டு பக்கமும்! டேய், ரெண்டு பக்கமும்!" சமன்பாட்டில் இந்தப் பக்கம் எதைச் செய்தாலும் அந்தப் பக்கமும் அதையே செய்யவேண்டும் என்பது அதன் பொருள். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? ஒருவன் தும்மினால் நாலைந்து பேர் சேர்ந்து "ரெண்டு பக்கமும்!" என்று கத்துவார்கள், எதிர் வரிசையில் இருப்பவன் பொய்யாக ஒரு தும்மல் போடவேண்டும். பட்டப்பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. டீச்சருக்கு அது தெரியும். கோபம் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவருக்குக் கோபம் வருவது ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்தான். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்." கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும், அவ்வளவுதான் சமன்பாடு என்று எத்தனையோ பேர் கரை சேர்ந்துவிட்ட வாக்கியம். அவர் வகுப்பில் யாராவது அதைச் சொன்னால் போச்சு. "ஏன் மாறணும்? போற வழியில அதுக்கு என்ன ஆச்சு? யாராவது அடிச்சாங்களா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். சொன்ன பிள்ளை பதில் கண்டுபிடிக்கிறவரை சுண்ணாம்புக்கட்டியை எடுக்கமாட்டார்.

பக்கத்து அறையில் இருப்பவர் சுருக்குவழி சார். பிள்ளைகள் வைத்த பெயர்தான் அதுவும். நல்ல மனிதர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கேட்காமலே போய் அவர்கள் வகுப்பையும் எடுப்பார். பாடத்தை மளமளவென்று முடித்துவிடுவார், அவர் பிள்ளைகள் மார்க்கும் வாங்கிவிடுவார்கள். "ஏன் மாறுதுன்னு கேட்டா தனி மார்க்கா குடுக்கப்போறாங்க டீச்சர்? பாடத்துல இல்லாததை எதுக்கு இழுத்து விட்டுக்கறீங்க?" என்பார். "அது தெரியாம மார்க் வாங்கி என்ன சார் பண்றது?" என்பார் இவர். இதற்குமேல் சண்டை வளராது. இரண்டு பேரும் டீயைக் குடித்துவிட்டு அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள்.

நம் டீச்சருடைய அறையில் பெஞ்சுகள் பாதி நாள் சுவரோரம்தான் கிடக்கும். தரையின் நடுவே ஒரு கயிறு. கயிற்றின் மேல் ஒருத்தி இரண்டு குச்சிகளைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு நிற்பாள், சமக்குறி அவள்தான். கழுத்தில் எண் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் இரு பக்கமும் நிற்பார்கள். தலையில் காகிதப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன். அவன்தான் எக்ஸ். அவனைத் தனியாக நிறுத்தவேண்டும், அதுதான் ஆட்டம். அவன் பக்கத்தில் இருக்கிற மூன்று வெளியே போனால், அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் மூன்று போகவேண்டும். "அவனைத் தனியா விடுங்கடா!" என்று வகுப்பே கூப்பாடு போடும். ஒருநாள் எக்ஸ் பைக்குள்ளேயே நின்றபடி தூங்கிப்போனான். பையைக் கழற்றி உன் மதிப்பு என்னடா என்று கேட்டபோது, "மணி அடிச்சிருச்சா டீச்சர்?" என்றான்.

இன்னொரு நாள் பொட்டலம் வரும். பென்சிலைக் காகிதத்தில் சுற்றி, அதை டப்பாவில் வைத்து மூடி, அதன்மேல் கயிறு கட்டிக் கொடுப்பார். கடைசியாகக் கட்டியதைத்தானே முதலில் அவிழ்க்கவேண்டும்? எக்ஸை இரண்டால் பெருக்கி அப்புறம் மூன்று கூட்டியிருந்தால், முதலில் மூன்றைக் கழிப்பது ஏன் என்று அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறொரு நாள் கரும்பலகையில் வேண்டுமென்றே தப்பாக ஒரு கணக்கைப் போட்டு, "நோயாளி வந்திருக்காரு. எங்க வலின்னு பாருங்க டாக்டர்" என்பார். பிள்ளைகள் ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்துத் தப்பைப் பிடிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மகுடம் தராசு. ஆய்வுக்கூடத்தில் தூசி படிந்து கிடந்ததைக் கேட்டு வாங்கி, துரு சுரண்டி, நடுமுள் ஆடாமல் நிற்கச் செய்தது அவரேதான். இடது தட்டில் இரண்டு மூடிய டப்பா, மூன்று பொத்தான். வலது தட்டில் பதினோரு பொத்தான். முள் நேராக நிற்கும். இரு பக்கமும் மூன்றை எடுத்தால் இரண்டு டப்பாவும் எட்டுப் பொத்தானும் மிச்சம். இரு பக்கமும் பாதியை எடுத்தால் ஒரு டப்பா, நாலு பொத்தான். டப்பாவைத் திறந்து கொட்டினால் உள்ளே நாலு! பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். "தராசு பொய் சொல்லாது" என்பார் டீச்சர்.

பொய் சொல்லத்தான் செய்தது. காலி டப்பாவுக்கும் எடை உண்டு அல்லவா? டப்பா இருக்கிற பக்கம்தான் தாழும், முள் நேராக நிற்கவே நிற்காது. அதனால் வலது தட்டின் அடியில், யார் கண்ணுக்கும் படாமல், ஒரு டப்பாவுக்கு ஓர் உருண்டை என்று மெழுகு ஒட்டிவைத்திருந்தார். இரண்டு டப்பா ஒன்றாகக் குறையும்போது ஓர் உருண்டையும் குறையவேண்டும். பொத்தான்களை அள்ளுகிற சாக்கில் கட்டைவிரலால் அதை நெம்பி எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொள்வார். வலது தட்டில் வெளிப்படையாகவே காலி டப்பா வைத்திருக்கலாம். ஆனால் எக்ஸ் என்றாலே பேயைக் கண்டதுபோல் மிரளுகிற பிள்ளைகள், எதில் பொத்தான் இருக்கிறது, எது வெறும் டப்பா என்று முதல் நாளே குழம்பிப்போவார்கள் என்று பயந்தார். முதலில் எளிதாகக் காட்டுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது?

அந்த வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோரம் ஒரு பெண் உண்டு. பெயர் குறுக்குக் கேள்வி. மற்ற ஆசிரியர்கள் அவள் கையைப் பார்த்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நம் டீச்சருக்கோ அவள் என்றால் உயிர். அன்றாடம் அவள் கேட்டதைச் சாயங்காலம் வீட்டில் வந்து கணவரிடம் ஒப்பித்தால்தான் தூக்கம் வரும். "எக்ஸ் நாலுன்னு தெரிஞ்சப்புறமும் அது எக்ஸ்தானா டீச்சர்னு கேக்கறா! நான் படிச்ச காலத்துல எனக்கே தோணலீங்க." கணவர் ஊசியில் நூல் கோத்தபடி, "தோணாததுனாலதான் நீ பாஸ் ஆனே" என்பார்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். பெற்றோர் சிலர் வந்து புகார் சொல்லியிருந்தார்கள்: பிள்ளைகள் வீட்டில் கயிறு கட்டி விளையாடுகிறார்கள், கணக்குப் பாடம் பாதிகூட நடக்கவில்லை.

"நான் உங்களைக் குறை சொல்லல டீச்சர். கல்வி அதிகாரி வர்றாரு. உங்க வகுப்பைப் பாக்கட்டும். அவர் சரின்னா பிரிவு உங்ககிட்டயே இருக்கும். இல்லேன்னா பக்கத்து அறை சார்கிட்ட மாத்திடறேன். எனக்கும் மேல பதில் சொல்லணும் இல்லையா?"

டீச்சர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அவ்வளவு பாடுபட்டுத் தேற்றிய பிள்ளைகள். இப்போதுதான் ஒவ்வொருவராக வாயைத் திறக்கிறார்கள். இந்த நேரத்தில் கைமாறினால் என்ன ஆவார்கள்?

அதிகாரி வந்தார். பின்பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் வேறெதையும் நம்பவில்லை, தராசை எடுத்து வைத்தார். எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. மூன்றை எடுத்தார், பாதியை எடுத்தார், கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது. டப்பாவைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து மூன்றாம் பெஞ்சில் கை உயர்ந்தது, குறுக்குக் கேள்வி எழுந்து நின்றாள்.

"டீச்சர், டப்பாவுக்கும் எடை இருக்குல்ல? அது எங்க போச்சு?"

எப்பேர்ப்பட்ட கேள்வி! வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் ஆடிப் பாடியிருப்பார். அன்று பின்பெஞ்சில் அதிகாரி குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். டீச்சரின் உள்ளங்கையில் மெழுகு பிசுபிசுத்தது.

"அது பாடத்துல இல்ல. உக்காரு."

உட்கார்ந்தாள். டப்பா திறந்தது, நாலு பொத்தான் விழுந்தது, பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அதிகாரிக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. சுற்றுவட்டாரத்தில் உள்ள கணக்கு ஆசிரியர்கள் எல்லாரும் இதைப் பார்க்கவேண்டும் என்றார். "மண்டபத்துல ஒரு கூட்டம் போடறேன். இதே பிள்ளைங்க, இதே பாடம். அப்படியே செய்ங்க டீச்சர், எதையும் மாத்தவேண்டாம்." தலைமையாசிரியை அப்போதே பிரிவு உங்களுடையதுதான் என்று சொல்லிவிட்டார். சுருக்குவழி சார் அறைக்கு வந்து கை குலுக்கினார். ஊர் மெச்சிய அந்த நாளில் டீச்சர் மட்டும் வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அந்தப் பொண்ணு என்ன கேட்டா?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர்.

மறுநாள் அது உண்மையாகிவிட்டது. குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. முறைத்துக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. கணக்கெல்லாம் சரியாகப் போட்டாள். கூப்பிட்டால் எழுந்து பதில் சொன்னாள். கை மட்டும் பெஞ்சைவிட்டு எழவே இல்லை. தாழ்வாரத்தில் தனியாக நிறுத்தி, "அன்னிக்கு ஏதோ கேட்டியேம்மா, என்னது?" என்று டீச்சர் வலியப் போய்க் கேட்டுப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று நகர்ந்துவிட்டாள்.

அந்த வாரம் நோயாளிக் கணக்கு வந்தது. கரும்பலகையில் தப்பு எங்கே என்று கேட்டார். யாருக்கும் பிடிபடவில்லை. அவளை எழுப்பினார்.

"மூணாவது வரி டீச்சர். அந்தப் பக்கம் போகும்போது குறி மாறல."

வகுப்பே டீச்சரின் முகத்தைப் பார்த்தது. இடுப்புக்குப் போன கை அங்கேயே நின்றது.

"ஏம்மா மாறணும்?"

"அப்படித்தான் டீச்சர்" என்றாள் அவள், வெகு மரியாதையாக.

எதிலிருந்து இந்தப் பிரிவைக் காப்பாற்றவேண்டும் என்று டீச்சர் அவ்வளவு பதறினாரோ, அது நடந்தேவிட்டது. சுருக்குவழி சார் வரவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தானே போதும் போலிருக்கிறது. மணி அடிக்கிறவரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்: மெழுகு, கட்டைவிரல், உக்காரு என்றது, எல்லாம்.

"கூப்பிட்டுத் தப்புதான்னு சொல்லிடேன். சின்னப் பொண்ணுதானே?"

"தனியா கூப்பிட்டுக் கேட்டேன். பிடி குடுக்க மாட்டேங்கறா."

கணவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எல்லார் முன்னாடியும் கிழிச்சுட்டு மூலையில கொண்டுபோய்த் தைக்கறேங்கறே. எனக்கு என்ன தெரியும், நான் சட்டை தைக்கறவன். அந்தக் கத்தரிக்கோலை எடு."

கூட்டத்து நாள் வந்தது. மண்டபம் நிறைய ஆசிரியர்கள். முன்வரிசையில் அதிகாரி, பக்கத்தில் தலைமையாசிரியை, ஓரத்தில் சுருக்குவழி சார். மேடையின் ஒரு பக்கம் இரண்டு பெஞ்சு போட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார்கள். குறுக்குக் கேள்வி ஓரத்தில் இருந்தாள். மெழுகு உருண்டை இரண்டும் தட்டின் அடியில் காலையிலேயே ஒட்டியாகிவிட்டது, ஒட்டியது டீச்சர்தான். என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

பாடம் தொடங்கியது. "எல்லாம் ஒண்ணுபோல டப்பா" என்று தூக்கிக் காட்டினார், மிச்சக் காலி டப்பாக்கள் மேசைமேல் அவர் பையில் இருந்தன. இரு பக்கமும் மூன்றை எடுத்தார். முள் நேராக நின்றது. மண்டபத்தில் பாராட்டாக ஒரு முனகல் எழுந்தது. பாதியை எடுக்கவேண்டிய நேரம். வலது கை தட்டின் கீழே போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

தட்டைக் கையால் பிடித்தபடி எட்டுப் பொத்தானையும் மேசையில் கொட்டினார். வலது தட்டைக் கொக்கியிலிருந்து கழற்றினார். இடது பக்கம் தடாலென்று இறங்கியது. கழற்றிய தட்டைத் திருப்பி, அடிப்பக்கத்தை மண்டபத்துக்குக் காட்டினார்.

"இந்தத் தராசு தானா நேரா நிக்கல. நான் மெழுகு ஒட்டி நிக்க வச்சேன். டப்பா எடை எங்க போச்சுன்னு அன்னிக்கே இந்தப் பொண்ணு கேட்டா. சரியான கேள்வி. எங்கே என் வகுப்பு போயிடுமோன்னு பயந்து, நான் அவளை உக்காரச் சொல்லிட்டேன்."

மண்டபத்தில் சலசலப்பு. தலைமையாசிரியை முகத்தில் ஈயாடவில்லை. சுருக்குவழி சார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாமே. பாடத்தை முடிங்க."

"இது முடியாம அது முடியாது சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேளும்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. "கேட்டா உக்காரச் சொல்வீங்க" என்றாள். "அதான் உக்காந்துட்டே இருக்கேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சருக்குச் சுருக்கென்றது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, மேடையைக் குறுக்கே கடந்து போய், பிள்ளைகளின் பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு பெரிய மண்டபத்துக்கு முன்னால் மேசைக்குப் பின்னால் இப்போது ஆளே இல்லை. அதிகாரி எழுவதா வேண்டாமா என்று நாற்காலியின் கையைப் பிடித்தார்.

குறுக்குக் கேள்வி கொஞ்ச நேரம் டீச்சரைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் தராசைப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். தட்டின் அடியில் இருந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தாள். தட்டைக் கொக்கியில் மாட்டினாள், எட்டுப் பொத்தானையும் திரும்ப வைத்தாள். டீச்சரின் பையைத் துழாவி இரண்டு காலி டப்பாக்களை எடுத்துப் பொத்தான்களின் பக்கத்தில் வைத்தாள். தராசின் தண்டு ஆடி ஆடி நின்றது. முள் நேராக இருந்தது. இந்தப் பக்கம் ஒரு டப்பாவை எடுத்தாள். அந்தப் பக்கம் நாலு பொத்தானும் ஒரு காலி டப்பாவும் எடுத்தாள். அப்போதும் முள் நேராகத்தான் நின்றது.

மண்டபம் கை தட்டத் தொடங்கியது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எடுத்த காலி டப்பாவையும் தட்டில் இருந்த காலி டப்பாவையும் உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்து ஏந்திப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"இருங்க, இருங்க" என்றாள். "எல்லா டப்பாவும் ஒண்ணுபோலன்னு யார் சொன்னது?"

கைதட்டல் அடங்கியது. பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சர் கையைத் தூக்கினார்.